நிகரக் களவு பூஜ்யம்

களவு போன சைக்கிள் ஒன்று, ஓட்டுவாரும் தள்ளுவாரும் இல்லாமல், பெட்டிக்கடை முனையில் திரும்பி, எதிரே வந்த தண்ணீர் லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டு, சொந்தக்காரர் வீட்டுச் சுவரில் வந்து சாய்ந்துகொண்டது. செவ்வாய்க்கிழமை காலை ஏழு பத்து. சொந்தக்காரரான தபால்காரர் அப்போது பல் துலக்கிக்கொண்டிருந்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து டயரை அமுக்கிப் பார்த்தார். பின்சக்கரத்தில் காற்று குறைந்திருந்தது. அதற்காகத் திருடனை இரண்டு வார்த்தை திட்டிவிட்டு, அதே சைக்கிளில் ஏறி வேலைக்குப் போனார்.

அந்த மாதத்திலேயே ஒரு குக்கர் வந்தது. மூடி ஒரு நாள் முன்னால், பாத்திரம் ஒரு நாள் பின்னால். அப்புறம் மூன்று செல்போன்கள், ஒரு தையல் மெஷின், குழாயை வால் மாதிரி இழுத்துக்கொண்டு ஒரு தண்ணீர் மோட்டார். பல் டாக்டர் வீட்டுச் சங்கிலி நெளிந்து நெளிந்து ஊர்ந்தே வரவேண்டியிருந்ததால் அதற்கு மட்டும் ஒன்பது நாள் பிடித்தது. வழியில் பார்த்தவர்கள் பாம்புக்குட்டி என்று பயந்து விலகியதால் பத்திரமாக வந்து சேர்ந்தது. அடகு வைத்தாலும் வந்தது. விற்றாலும் வந்தது. தெருக்காரர்கள் முதல் வாரம் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாவது வாரம், மோட்டார் வந்த வழியெல்லாம் மண்ணைக் கிளப்பிவிட்டது என்று குறை சொன்னார்கள். மூன்றாவது வாரத்தோடு அந்தப் பேச்சே நின்றுவிட்டது. பக்கத்துத் தெருக்களில் களவு போனவை போனவைதான். அங்கிருந்து வந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டுப் போனார்கள்.

மையம் திறந்த ஆறாவது வாரத்தில்தான் அந்த சைக்கிள் வந்தது என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை. 'சமுதாயப் பாதுகாப்பு மற்றும் நீதி உதவி மையம்' என்று பெயர்ப்பலகை. பலகை அறையைவிட இரண்டடி நீளம். மிச்சம் பக்கத்துப் பூட்டுக்கடையின் மேல் நீட்டிக்கொண்டிருந்தது. அறை முன்பு சலூனாக இருந்தது. மூன்று சுவரிலும் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடியைக் கழற்றும் செலவு மானியத்தின் எந்தத் தலைப்பிலும் வராததால் அப்படியே விட்டுவிட்டார்கள். புகார் கொடுக்க வருகிறவர் தன் முகத்தை மூன்று பக்கமும் பார்த்துக்கொண்டேதான் பேச வேண்டும். பொய்ப் புகாரோடு வந்தவர்கள் பாதியில் எழுந்து போனதும் உண்டு.

மாநில அரசின் நீதி மற்றும் பொதுப் பாதுகாப்பு மானியத்தில் அந்த மையம் ஓடியது. வருஷா வருஷம் விண்ணப்பம் போட்டுப் புதுப்பிக்க வேண்டும். அதை நடத்திய பெண்மணிக்கு வயது நாற்பத்துமூன்று. கணவர் லாரி ரேடியேட்டர் மெக்கானிக். தெருவில் அவரை மையத்தக்கா என்றே கூப்பிட்டார்கள். பதினோரு வருஷம் கோர்ட்டில் டைப் அடித்தவர் என்பதால் ஒரு காகிதம் எந்த மேசையில் எப்படிச் சாகும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு தப்பு செய்தார். கம்ப்யூட்டரில் நிரப்பிய முதல் விண்ணப்பத்தில் 'தளவாடங்கள்' என்று ஒரு பக்கம் இருந்தது. ஒன்றுமில்லை என்று போட்டால் அடுத்த பக்கம் திறக்கவில்லை. எரிச்சலில், தெருக்காரர்கள் தங்கள் வீடுகளிலிருந்து கொண்டுவந்து கொடுத்திருந்த மேசை, நாற்காலிகள், பீரோ, மணைப்பலகை வரை எல்லாவற்றையும் மானியத்துறையின் சொத்தாகவே எழுதிவிட்டார். பக்கம் திறந்தது. அவரும் மறந்துவிட்டார்.

மேசை மட்டும் மறக்க முடியாதது. பச்சை பெயின்ட் அடித்த தேக்கு மேசை. ஒரு கால் கட்டை. அதனடியில் நாலாக மடித்த அட்டை வைத்தால்தான் ஆடாமல் நிற்கும். மேசையின் அடிப்பக்கம் முழுக்க நீல பால்பாயின்ட் பேனாவில் பஸ்கள். வரைந்தது, தெருவில் துணி இஸ்திரி போடும் தேய்ப்புக்காரியின் மகள். வயது ஆறு, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள், பட்டாணி என்றால்தான் திரும்புவாள். அம்மா மையத்தில் உட்கார்ந்து, குடிகாரப் புருஷனைப் பற்றிச் சொல்லி அழும் நேரமெல்லாம் அவள் மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பஸ் விட்டுக்கொண்டிருப்பாள். கோர்ட் பிள்ளையை அம்மாவிடம் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பா பார்க்கலாம் என்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போனவன் திரும்பக் கொண்டுவந்து விடவில்லை. நாற்பது கிலோமீட்டர் தள்ளித் தலைநகரத்தில் தன் அக்கா வீட்டில் வைத்துக்கொண்டான்.

காவல் நிலையத்தில் புகார் எழுதுகிறவரை ரைட்டர் என்பார்கள். நல்ல மனிதர். ஆனால் பேனாவை எடுக்கவில்லை. "அப்பன் தன் பிள்ளையைக் கூட்டிட்டுப் போனதை நான் எந்தப் பிரிவுலம்மா எழுதுவேன்? குழந்தை களவுப் பொருள் இல்ல. கோர்ட்டுக்குப் போங்க" என்றார். கோர்ட்டுக்குப் போனார்கள். பிள்ளையை மீட்டு ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அதை நிறைவேற்றக் கோர்ட் ஊழியரான அமீனாவும் மையத்தின் வக்கீலும் நேரில் போகவேண்டும். ஒருமுறை அமீனாவுக்குக் காய்ச்சல். ஒருமுறை வக்கீலின் பயண அனுமதி வரவில்லை. ஒருமுறை இரண்டும் சரியாக இருந்தது, உத்தரவில் வீட்டு எண் தப்பு. எட்டு மாதம் போய்விட்டது.

தேய்ப்புக்காரி தினமும் மாலை துணிகளை வீடு வீடாகக் கொடுத்துவிட்டு மையத்துக்கு வந்து உட்காருவாள். ஒரு நாள், களவு போன எவர்சில்வர் டம்ளர் ஒன்று உருண்டு உருண்டு தெருவில் வந்ததை இரண்டு பேரும் பார்த்தார்கள்.

"டம்ளருக்குக்கூட வழி தெரியுதுக்கா. என் பொண்ணுக்குத் தெரியல."

மையத்தக்கா எழுந்து போய் மறுபடி அமீனாவுக்குப் போன் போட்டார்.

முதல் வருஷக் கடைசியில் மானியத்துறை அந்த மையத்துக்குக் கேடயம் கொடுத்தது. களவு நூறு சதவீதம் குறைந்திருக்கிறதாம். துறையின் ஆண்டு மலரில் மையத்தக்காவின் புகைப்படம் வந்தது. மூன்று கண்ணாடியிலும் விழுந்து அவர் நான்கு பேராகத் தெரிந்தார். இரண்டாவது வருஷ விண்ணப்பத்தில்தான் சனி பிடித்தது. களவு போனவை நூற்றுப்பன்னிரண்டு. திரும்பி வந்தவை நூற்றுப்பன்னிரண்டு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து 'நிகரக் களவு' என்ற கட்டத்தில் விண்ணப்பமே பூஜ்யம் போட்டுக்கொண்டது. அடுத்த கட்டம், போன வருஷத்தோடு ஒப்பிட்டுக் குறைப்புச் சதவீதம். பூஜ்யத்திலிருந்து பூஜ்யத்துக்கு எத்தனை சதவீதம் என்று விண்ணப்பத்துக்குத் தெரியவில்லை. 'செல்லாத மதிப்பு' என்று சிவப்பில் காட்டிவிட்டு நின்றுவிட்டது. தேவை என்ற தலைப்பில் மதிப்பெண் இல்லை, விளைவு என்ற தலைப்பிலும் மதிப்பெண் இல்லை.

மையத்தக்கா, தலைநகரத்தில் இருந்த மானியத்துறைப் பிரிவு அதிகாரிக்குப் போன் போட்டார். முப்பத்தேழு ஊர்களின் மானியம் அந்த ஒருவர் கையில்.

"சார், இங்க களவு நடக்குது. ஆனா பொருள் திரும்பி வந்துடுது."

"போலீஸ் மீட்டுக் குடுத்தாங்கன்னு போடுங்க."

"போலீஸ் மீட்கல சார். அதுவா வருது."

"அதுவா வந்தா 'பிற வழிகளில்'னு ஒரு கட்டம் இருக்கும், பாருங்க."

"அதைத் தொட்டா எத்தனை பேர் கைதுன்னு கேக்குது."

"பூஜ்யம் போடுங்க."

"பூஜ்யம் போட்டா அடுத்த பக்கம் திறக்கல."

"அப்ப ஒண்ணு போடுங்க."

"யாரை சார் கைது பண்ணதா எழுதறது? என்னையா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "மேடம், எனக்கு முப்பத்தேழு ஊர். மத்த முப்பத்தாறு ஊர்லயும் ஒழுங்கா திருட்டு நடக்குது. உங்க ஒரு தெருவை வச்சுக்கிட்டு நான் படற பாடு இருக்கே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அன்று மையத்தக்கா வீட்டுக்கு வந்து குடத்தைப் படாரென்று வைத்ததில் ரேடியேட்டர் மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். "தெருவுல எல்லாரும் நிம்மதியா இருக்காங்க. உன்னைத் தவிர."

"அவங்க நிம்மதியா இருக்கறதாலதாங்க எனக்கு மானியம் இல்ல."

"அப்ப நான் போய் எதையாவது திருடட்டுமா?"

"நீங்க ஸ்பானரை எடுத்தா வைக்கிற இடம் தெரியாது. உங்களுக்கெதுக்கு அதெல்லாம்."

ஆனால் அந்த யோசனை மையத்தக்கா மண்டையில் தங்கிவிட்டது. தெருவில் திருட்டுத் தெரிந்த ஒருவர் இருந்தார். இரண்டு முறை உள்ளே போய் வந்தவர். சத்தமில்லாமல் நடப்பதால் பூனை என்று பேர். தன் கையால் எடுத்ததெல்லாம் தனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்ததில் மனம் வெறுத்து, தொழிலையே விட்டுவிட்டு, ஒரு வருஷம் முன்பே மையத்துக்கு வந்து புகார் கொடுத்திருந்தார். வாழ்வாதாரம் போய்விட்டது என்று புகார். யார் புகார் கொடுத்தாலும் எழுதிக்கொள்ள வேண்டும் என்பது மானிய விதி. மையத்தக்காவும் எழுதிக்கொண்டு, பக்கத்துப் பூட்டுக்கடையில் சாவி தேய்க்கும் வேலைக்குச் சேர்த்துவிட்டார்.

"பூனையண்ணே, ஒரே ஒரு பொருள் போயி, போன இடத்துலயே இருக்கணும். உங்களால முடியுமா?"

பூனை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "உங்களுக்காக முயற்சி பண்றேன்மா. என் கைராசி உங்களுக்கே தெரியும்."

தெருவே ஒத்துழைத்தது. தபால்காரர் தன் கைக்கடிகாரத்தை ஜன்னலில் வைத்துவிட்டுத் தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டார். பூனை அதை எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போய் ஓர் ஆற்றுப் பாலத்திலிருந்து தூக்கிப் போட்டார். நாலாம் நாள் ஈரத்தோடு வந்து ஜன்னலில் ஏறிக்கொண்டது. பாசி மட்டும் ஒட்டியிருந்தது. பல் டாக்டர் மிக்சியைக் கொடுத்தார். அதைக் கழற்றி ஏழு திசையில் ஏழு பேரிடம் கொடுத்து அனுப்பினார்கள். ஏழும் வந்து தெருமுனையில் ஒன்றுக்கொன்று காத்திருந்து, ஒன்றாகச் சேர்ந்துகொண்டு வீட்டுக்குப் போனது. கடைசியாக ரைட்டரே இரக்கப்பட்டு, காணாமலே போகாத ஒரு பித்தளை அண்டாவைக் காணவில்லை என்று புகார் எழுதினார். எழுதி முடிப்பதற்குள் அண்டா காவல் நிலைய வாசலில் வந்து நின்றது. அவர் பேனாவை மூடி வைத்தார். "என்னை ஜெயில்ல போடப் பாக்குதும்மா இது."

மதிப்பீட்டாளர் ஒருவரை நேரில் அனுப்பியது துறை. மூக்குக்கண்ணாடி போட்ட, கறாரான மனிதர். பைக்குள் டிபன், குடைக்குள் இன்னொரு குடை என்று எல்லாவற்றுக்கும் ஏற்பாடாக வந்திருந்தார். பதிவேடுகளைப் பார்த்தார், பெண்களிடம் பேசினார், தேய்ப்புக்காரியின் கதையைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மையத்தக்காவுக்கு முதன்முறையாக நம்பிக்கை வந்தது. குழந்தையை மீட்கப்போகும் நாள் அடுத்த மாதம் ஆறாம் தேதி, அதுவரையாவது மானியம் நிற்காமல் இருந்தால் போதும் என்றார். மதிப்பீட்டாளர் தலையாட்டிக்கொண்டே அறிக்கையில் எல்லாக் கட்டத்திலும் நல்லபடியாக எழுதி, மையத்தின் பேனாவாலேயே கையெழுத்துப் போட்டு, பழக்கதோஷத்தில் அந்தப் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு பஸ் ஏறப் போனார்.

மையத்தக்கா பார்த்துவிட்டார். பேனாவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அது தானமாகியிருக்கும், வம்பே இல்லை. ஆனால் பெரிய மனிதர் பையில் இருக்கும் பேனாவைப் பற்றி எப்படிப் பேசுவது என்று கூச்சப்பட்டுச் சும்மா இருந்துவிட்டார். பஸ் நிறுத்தத்தில் இருபது பேருக்கு நடுவில் பேனா மதிப்பீட்டாளர் பையிலிருந்து வெளியே வந்து, சட்டை வழியாக இறங்கி, அவருடைய செருப்பைச் சுற்றிக்கொண்டு, மையத்தைப் பார்த்து நடையைக் கட்டியது. யாரோ சிரித்தார்கள். மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. மையத்தின் செயல்பாடு அதிகாரிகளை இழிவுபடுத்தும் வகையில் இருப்பதாலும், தேவை என்ற தலைப்பில் மதிப்பெண் இல்லாததாலும் மானியம் நிறுத்தப்படுகிறது. துறைச் சொத்துக்கள் திரும்பப் பெறப்படும். கடிதம் வந்தது இரண்டாம் தேதி. ஆறாம் தேதிக்கு நான்கு நாள் இருந்தது.

லாரி மூன்றாம் தேதியே வந்தது. எந்தக் காரியத்துக்கும் இத்தனை வேகமாக அந்தத் துறை வந்ததில்லை. கம்ப்யூட்டர், பிரிண்டர் ஏற்றினார்கள். அவை மானியத்தில் வாங்கியவை. அப்புறம் மேசையில் கை வைத்தார்கள்.

"அது தெருவோட மேசைங்க."

வந்தவர் பட்டியலைக் காட்டினார். "நீங்களே எழுதியிருக்கீங்களே மேடம். பச்சை மேசை ஒண்ணு, துறைச் சொத்து. கையெழுத்து உங்களோடதுதானே?"

அவருடையதுதான். ஒரு பக்கம் திறப்பதற்காக எழுதிய பொய், இரண்டு வருஷம் கழித்து வந்து வாசலில் நின்றது. அறையைப் பூட்டிச் சீல் வைத்துவிட்டுப் போனார்கள். மேசை நின்ற இடத்தில் மடித்த அட்டை மட்டும் கிடந்தது. ஆறாம் தேதி அமீனா தயாராக இருந்தார், வீட்டு எண் சரியாக இருந்தது, வக்கீலுக்குத்தான் போக அதிகாரம் இல்லை. மானியம் இல்லாத மையத்தின் வக்கீல் அந்த வழக்கில் யாருமில்லை. தேய்ப்புக்காரி அன்று முழுக்கத் துணி தேய்த்தாள். ஒரே சட்டையை மூன்று முறை தேய்த்தாள். அழவில்லை. அது மையத்தக்காவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஏழாம் தேதி காலை ஸ்டேப்ளர் வந்தது. எட்டாம் தேதி மணைப்பலகை. ஒன்பதாம் தேதி நான்கு நாற்காலிகள் வரிசையாக வந்து, சீல் வைத்த கதவுக்கு முன்னால் நின்றன. பூனை பூட்டுக்கடையிலிருந்து இறங்கி வந்து சீலைப் பார்த்தார், நாற்காலிகளைப் பார்த்தார். காதில் செருகியிருந்த கம்பியை எடுத்தார். தொழிலை விட்ட பிறகு முதன்முறையாகச் சாவி இல்லாமல் ஒரு பூட்டில் கை வைத்தார்; சீல் கிழியாமல் கதவு திறந்தது. பத்தாம் தேதி பீரோ வந்தது. கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வரவில்லை. எது யாருடையது என்று பட்டியலுக்குத் தெரியாவிட்டாலும் பொருட்களுக்குத் தெரிந்திருந்தது.

மேசை மட்டும் வரவில்லை.

மேல்முறையீட்டு மனுவை எடுத்துக்கொண்டு மையத்தக்கா தலைநகரத்துக்குப் போனபோதுதான் காரணம் தெரிந்தது. பிரிவு அதிகாரிக்கு மேசை பிடித்துப்போய், கிடங்கிலிருந்து இரண்டாவது மாடிக்குத் தூக்கித் தன் அறையில் போட்டிருந்தார். அதன் மேல் ஒரு முழ உயரத்துக்குக் கோப்புகள். அட்டை இல்லாததால் மேசை ஆடியது. மையத்தக்காவைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் ஆடியது.

"வச்சுட்டுப் போங்க" என்றார் அதிகாரி. "முப்பத்தாறு மனு முன்னாடி இருக்கு. உங்களோடது முப்பத்தேழு."

"எப்ப சார் பாப்பீங்க?"

"வரிசைப்படி."

"முதல் மனு எப்ப வந்தது சார்?"

அவர் யோசித்தார். "போன தேர்தலுக்கு முன்னாடி."

மையத்தக்கா தன் கோப்பை அடுக்கின் உச்சியில் வைத்தார். மேசையின் நிலைமை அவருக்குப் புரிந்தது. தன் மேல் உள்ளதைக் கீழே கொட்டிவிட்டுக் கிளம்ப அதற்கு மனசில்லை. கோப்புகள் தீரட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறது. மேசையின் விளிம்பைத் தடவிக்கொடுத்தார். "உனக்குத் தெரியாது" என்று மெதுவாகச் சொன்னார். "இவங்க முடிக்கமாட்டாங்க."

யாரிடம் பேசுகிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். யாரிடமும் இல்லை என்றார்.

மேசையின் பொறுமைக்கும் ஒரு அளவு உண்டு. இருபத்தோராம் தேதி காலை, துப்புரவுப் பணியாளர் அறையைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில், கோப்புகளோடு சேர்த்துக் கிளம்பிவிட்டது. இரண்டு மாடிப் படியையும் பக்கவாட்டில் ஒவ்வொன்றாக இறங்கி, ஒரு காகிதம்கூட நழுவாமல், கேட்டைத் தாண்டியது. காவலாளி, துறை மேசைதானே, வெளிவேலையாகப் போகிறது என்று நினைத்து நேரத்தை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டார்: ஆறு நாற்பது.

அன்று மாலை நான்கரை மணிக்கு மையத்தக்கா, சீல் கிழியாத கதவுக்குள் நாற்காலியில் உட்கார்ந்து பதிவேட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். சம்பளம் இல்லை, விளக்கு இல்லை, வருகிறவர்கள் மட்டும் வந்துகொண்டிருந்தார்கள். எதிரே தேய்ப்புக்காரி. பெட்டிக்கடை முனையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டொக், டொக், டொக், டக். டொக், டொக், டொக், டக். கட்டைக்காலின் சத்தம். மையத்தக்கா தலை நிமிராமலே, "மேசை வருது" என்றார்.

தேய்ப்புக்காரி எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றாள். 

மேசையின் மேல் கோப்புகள். கோப்புகளின் மேல் பட்டாணி. காலை ஆட்டிக்கொண்டு, ஒரு கையில் பாதி தின்ற பன்னோடு, பல்லக்கில் வருகிறவள் மாதிரி வந்துகொண்டிருந்தாள். தபால்காரர் சைக்கிளை ஓரம் கட்டி வழிவிட்டார். மேசை மையத்து வாசலில் நின்றது. தேய்ப்புக்காரி ஓடிப்போய் மகளை இறக்கிக்கொண்டு, முதுகில் ஒரு அறை வைத்து, அப்புறம்தான் கட்டிக்கொண்டாள்.

"எப்படிடி வந்தே? யாருடி கூட்டிட்டு வந்தாங்க?"

பட்டாணிக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. அத்தை வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாளாம். நம்ம மேசை போச்சாம். அது நம்ம தெருவுக்குத்தானே போகும். நடைபாதை ஓரமாக ஒட்டி நின்றதாம், ஏறிக்கொண்டாளாம். "வழியில ஒரு டீக்கடை மாமா பன் குடுத்தாரு. மேசைக்கு ஒண்ணும் வேணாமான்னு கேட்டாரு."

ரைட்டர் வந்து பார்த்தார். கோர்ட் உத்தரவைப் படித்தார். பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது, இதில் எழுத எதுவும் இல்லை என்று சொல்லி, பிள்ளையின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அப்பன் இரண்டு நாள் கழித்துக் கத்திக்கொண்டு வந்தபோது, அதே உத்தரவை அவனுக்கும் படித்துக் காட்டினார்.

மேசை வந்த மறுநாள் காலை பதினோரு மணி பஸ்ஸில் பிரிவு அதிகாரி வந்து இறங்கினார். முப்பத்தேழு ஊர்க் கோப்புகளும் காணாமல் போனதில் முகம் வெளுத்திருந்தது. மேசையைப் பார்த்ததும் லாரி வரச்சொல்கிறேன் என்று போனை எடுத்தார்.

"தாராளமா ஏத்திக்கிட்டுப் போங்க சார்" என்றார் பூனை. "நாளன்னைக்கு வந்துடும். நானே எவ்வளவோ பாத்துட்டேன்."

கோப்புகளை மட்டுமாவது எடுத்துப் போகலாமென்றால், கோப்பு இடம் மாறுவதற்கு மேலிடத்தின் நகர்வு உத்தரவு வேண்டும். அது வர ஒன்றரை மாதம். இடம் மாறிய கோப்பைப் பார்த்து முடிவெடுக்க மட்டும் எந்த உத்தரவும் வேண்டாம். அதிகாரி போனைப் பைக்குள் வைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மூன்று பக்கக் கண்ணாடியிலும் அவரே உட்கார்ந்திருந்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும், வேலை செய்யாமல் இருக்கும் தன்னையே பார்க்க வேண்டியிருந்தது. தாங்க முடியாமல் மேலே இருந்த கோப்பை எடுத்தார். அது இந்த மையத்தினுடையது. பிள்ளை உட்கார்ந்து வந்ததில் நடுவில் குழிந்திருந்தது. உச்சியில் இருந்ததால் வரிசையை மறந்து படித்தார். முழுக்கப் படித்தார். இரண்டு முறை தண்ணீர் கேட்டார்.

"சரி மேடம். எல்லாம் இருக்கட்டும். நிகரக் களவுல பூஜ்யம் இருக்கற வரைக்கும் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

மையத்தக்கா அந்தக் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினார். பதினோரு வருஷம் டைப் அடித்த விரல் கட்டங்களின் மேல் நகர்ந்தது. "முதல் கட்டத்துல என்ன போட்டிருக்கு சார்?"

"பறிபோனவை."

"பொருள்னு இருக்கா?"

"இல்ல. பறிபோனவைன்னு மட்டும்தான்."

"கோர்ட் உத்தரவு நம்பர் போட்டு, பறிபோனவையில ஒரு குழந்தையைச் சேருங்க. ரெண்டாவது கட்டம்?"

"மீட்கப்பட்ட பொருட்கள்."

"குழந்தை பொருள் இல்ல சார். அதை அங்க போட முடியாது. போலீஸ்லயே சொல்லிட்டாங்க."

அதிகாரி காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் மூன்று அதிகாரிகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூற்றுப்பதிமூன்றில் நூற்றுப்பன்னிரண்டு போக, நிகரக் களவு ஒன்று. இரண்டு வருஷமாகப் பூஜ்யமாக இருந்த கட்டத்தில் ஒன்று விழுந்தது, தேவை என்ற தலைப்பில் மதிப்பெண்ணும் விழுந்தது. அவர் பேனாவைத் தேடினார். மையத்தக்கா தன்னுடையதைக் கொடுத்துவிட்டு, "நீங்களே வச்சுக்கலாம் சார், நான் குடுத்ததுதான்" என்று இந்த முறை மறக்காமல் சொன்னார்.

மிச்சம் முப்பத்தாறு கோப்புகளுக்காக அதிகாரி ஒவ்வொரு வியாழக்கிழமையும் பஸ் ஏறி வந்தார். வேறு வழியில்லை. நாளடைவில் மற்ற ஊர்க்காரர்களுக்கும் விஷயம் தெரிந்து, வியாழக்கிழமைகளில் சலூன் வாசலில் வரிசை நின்றது. மையத்துக்கு மானியம் வந்தது, ஐந்து மாதம் தாமதமாக. கூடவே ஒரு கடிதமும் வந்தது: துறைச் சொத்தான பச்சை மேசை ஒன்று முன் அனுமதியின்றி நாற்பது கிலோமீட்டர் பயணம் செய்தது ஏன், எந்த வாகனத்தில், யார் செலவில். மையத்தக்கா ஒரே வரியில் பதில் எழுதினார். மேசை துறைச் சொத்து அல்ல, எழுதியது தன் தப்பு, நடந்து வந்தது. அதை ஏற்றுக்கொண்டதாக அடுத்த கடிதம் வந்தது. 'நடந்து' என்பதற்குப் பக்கத்தில் யாரோ பென்சிலில் சரி போட்டிருந்தார்கள்.

பட்டாணி பள்ளிக்கூடம் விட்டு வந்து மேசைக்கு அடியில்தான் படுத்துக்கொள்கிறாள். வியாழக்கிழமைகளில் அதிகாரியின் காலணிக்குப் பக்கத்தில் படுத்துப் பஸ் வரைகிறாள். இப்போது பஸ்ஸுக்குச் சக்கரம் போடுவதில்லை, நாலு கால்தான். மேசை ஆடுகிறது, கையெழுத்துக் கோணலாக விழுகிறது என்று அதிகாரி ஒருமுறை சொன்னார். அட்டையை எடுத்துக் கட்டைக்காலின் அடியில் வைக்கலாமே என்றார். அட்டை பீரோவில்தான் இருக்கிறது. ஆனால் மையத்தக்கா வைக்கவில்லை. எப்போதாவது மேசை அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்தால் காலில் இடறும் என்று விட்டுவிட்டார்.